தைராய்டு மாத்திரையை ஆயுர்வேதத்தால் நிறுத்த முடியுமா?

சகோதரி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வயது 37. எட்டு மாதத்துக்கு முன்னால் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பி மந்தமானால் ரத்தத்தில் ஏறுகிற எண்) 18.6 இருந்தது, டாக்டர் 75 மைக்ரோகிராம் மாத்திரை எழுதினார், இப்போது 3.1க்கு வந்துவிட்டது. ஆனாலும் முடி கொட்டுவது நிற்கவில்லை, மலச்சிக்கல் போகவில்லை, மதியம் ஆனால் கண் சொருகுகிறது, ஏறின 6 கிலோ இறங்கவில்லை. காஞ்சனார குக்குலுவும் அஸ்வகந்தாவும் ஆறு மாதம் சாப்பிட்டால் இந்த இங்கிலீஷ் மாத்திரையையே விட்டுவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் ஒன்றல்ல, இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாத்திரையை நிறுத்த முடியுமா என்பது ஒன்று. ரிப்போர்ட் சரியாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் எனக்கு ஏன் சரியாகவில்லை என்பது இன்னொன்று. உங்களை உண்மையில் வாட்டுவது இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயுர்வேதத்துக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறது என்றால் அதுவும் அங்கேதான் இருக்கிறது.

நான் பி.ஏ.எம்.எஸ். என்ற ஆயுர்வேதப் பட்டம் படித்துவிட்டு 23 வருடமாக நாகர்கோவில் பக்கம் வைத்தியம் பார்க்கிறேன். என் துறையை நான் மதிக்கிறேன், அதில்தான் வாழ்கிறேன். அதனால் முதல் கேள்விக்கு நான் சொல்லப்போகும் பதிலை ஆயுர்வேதத்துக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்தாதீர்கள். டிஎஸ்எச் 18ஐத் தொட்ட ஒருவர், சுரப்பி மறுபடி வேலை செய்கிறதா என்று டாக்டர் பரிசோதித்துச் சொல்லாமல், மூலிகையை நம்பி மாத்திரையை விடுவது தவறு.

காரணம் சொல்கிறேன். நீங்கள் சாப்பிடுவது நோயை அமுக்கி வைக்கிற மருந்து இல்லை. உங்கள் கழுத்துச் சுரப்பி செய்ய வேண்டிய தைராக்சினேதான், அணுவுக்கு அணு அதே பொருள், வெளியிலிருந்து வருகிறது. நம் ஊரில் உப்பில் அயோடின் கிடைக்கிறவர்களுக்கு இந்தச் சுரப்பி மந்தமாவதற்குப் பெரும்பாலும் காரணம் ஹாஷிமோட்டோ என்கிற நிலை. 1912இல் அதை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர் அது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. அப்படி அழிந்த திசுவைத் திரும்ப வளர்க்கிற மூலிகை எதையும் நான் பார்த்ததில்லை, நிரூபிக்கப்பட்டதும் இல்லை. கிணறு வற்றிய வீட்டுக்கு லாரித் தண்ணீர் வருகிறது என்று வையுங்கள், குழாயைச் சுத்தம் செய்துவிட்டேன், இனி லாரி வேண்டாம் என்று சொன்னால் எப்படி?

இன்னொரு விஷயம், இதுதான் பலரை ஏமாற்றுவது. தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் மாத்திரையை இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு வாரம் கழித்தும் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்த நாட்களில் புதிதாகத் தொடங்கிய சூரணம் நன்றாக வேலை செய்வதாகவே தோன்றும். சிலருக்கு மாத்திரை விட்ட நிம்மதியிலேயே உற்சாகம் வந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல்தான் உடல்நிலை மெல்ல இறங்கத் தொடங்கும், அதுவும் படிப்படியாக இறங்குவதால் வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்கே படாது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அம்மா என்னிடம் வந்தார், 50 வயதுக்கு மேல். மே மாதம், மின்விசிறிக்குக் கீழே நாங்களெல்லாம் வேர்த்துக்கொண்டிருக்கிறோம், அவர் சால்வையைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். பெயரைக் கேட்டேன். பதில் வர ஒரு கணம் ஆனது, வந்த குரல் கனத்து, கரகரத்து, ஆண்குரல் மாதிரி இருந்தது. இமைகள் உப்பியிருந்தன. கணைக்காலை விரலால் அழுத்தினேன், வீக்கம் இருக்கிறது, ஆனால் குழி விழவில்லை. குதிகால் தசைநாணில் சுத்தியலால் தட்டினால் பாதம் சட்டென்று துள்ளியது, திரும்பி வரும்போது மட்டும் தூக்கத்தில் வருகிற மாதிரி மெதுவாக வந்தது. எங்கேயோ ஒரு பெயர் போடாத பொடியை வாங்கிக்கொண்டு ஐந்து மாதமாகத் தைராய்டு மாத்திரையை விட்டிருந்தார். டிஎஸ்எச் 100க்கு மேல். நான் அன்று எந்தக் கஷாயமும் எழுதவில்லை, எழுதிய சீட்டு ஆஸ்பத்திரிக்குத்தான். இப்படியே விட்டால் உடம்பு குளிர்ந்து நினைவு தவறும் நிலைக்குப் போகலாம், உயிரே போகலாம். பழைய மாத்திரையைத் திரும்பத் தொடங்கி மூன்று மாதத்தில் குரல் பழையபடி ஆனது.

சரி, நம் நூல்கள் என்ன சொல்கின்றன? சுஸ்ருதம் என்ற பழைய ஆயுர்வேத நூலில், நோய்க் குறிகளைச் சொல்லும் நிதான ஸ்தானம் 11ஆம் அத்தியாயத்தில் கலகண்டம் வருகிறது, நாம் முன்கழுத்துக் கழலை என்று சொல்வது. வாதம், கபம், மேதஸ் (கொழுப்பு) என்று மூன்று வகை சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவு நுணுக்கமாகக் கழுத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் வீக்கத்தின் பெயர். சுரப்பி குறைவாகச் சுரக்கிறது என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிவது. கழலை உள்ளவர்களில் பலருக்குச் சுரப்பு சரியாகவே இருக்கும், சுரப்பு குறைந்த பலருக்குக் கழலையே இருக்காது. இரண்டையும் ஒன்றாக்கி, தைராய்டு நோய்க்கு மூவாயிரம் வருட மருந்து இருக்கிறது என்று சொல்வது நூலுக்கும் நியாயம் இல்லை, நோயாளிக்கும் நியாயம் இல்லை. அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம்: ஒரு வருடம் கடந்து, மூச்சுத் திணறி, உடம்பு தளர்ந்து, சாப்பாடு வேண்டாமல் போய், குரலும் உடைந்துவிட்ட கழலைக்காரரை வைத்தியன் ஏற்க வேண்டாம் என்கிறது. தன்னால் முடியாததை முடியாது என்று எழுதி வைத்த மரபு இது.

காஞ்சனார குக்குலு அந்தக் கழலை, கண்டமாலை, கட்டி வகைகளுக்குச் சார்ங்கதர சம்ஹிதை என்ற நூலில் வரும் மருந்துக் கலவை. மந்தாரைப் பட்டை, திரிபலா, திரிகடுகம், மாவிலிங்கப் பட்டை, ஏலம், லவங்கப்பட்டை, லவங்கப்பத்திரி எல்லாவற்றையும் குக்குலு என்ற மரப்பிசினோடு சேர்த்து இடித்து உருட்டுவது. கபத்தையும் மேதஸையும் கரைக்கும் என்பது அதன் கருத்து. நானும் கொடுக்கிறேன், கழுத்தில் கட்டி என்றால் முதலில் ஸ்கேன் பார்த்துவிட்டு. குக்குலுவில் உள்ள ஒரு பொருள் எலிகளிடம் தைராய்டைத் தூண்டியதாக 1984இலேயே ஆய்வு வந்திருக்கிறது. ஆனால் அது எலி, அதன் சுரப்பி பழுதடையாத சுரப்பி. மனிதரிடம், அதுவும் ஹாஷிமோட்டோவில் பாதி அழிந்த சுரப்பியில், மாத்திரைக்குப் பதிலாக நிற்கும் அளவுக்கு அது வேலை செய்யும் என்று நம்ப அது போதாது. என் அனுபவத்தில் காஞ்சனார குக்குலு சாப்பிட்டவர்களுக்கு உடம்பு கனம் குறைந்ததாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், டிஎஸ்எச் அதனால்தான் இறங்கியது என்று துணிந்து சொல்ல ஒருவரைக்கூட என்னால் காட்ட முடியாது. குக்குலு சிலருக்குத் தோலில் தடிப்பு கொடுக்கும், புரோப்ரனோலால், டில்டியாசெம் போன்ற இதய மருந்துகள் ரத்தத்தில் சேர்வதைக் குறைக்கும், கர்ப்பத்தில் கூடாது.

அஸ்வகந்தா கொஞ்சம் வேறு கதை. 2018இல் வெளியான ஒரு ஆய்வில், டிஎஸ்எச் 4.5க்கும் 10க்கும் இடையில் இருந்த 50 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு தினம் 600 மில்லிகிராம் வேர்ச்சாறும் மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் 8 வாரம் கொடுத்தார்கள். அஸ்வகந்தா சாப்பிட்டவர்களுக்கு டிஎஸ்எச் இறங்கியது, ஹார்மோன் கொஞ்சம் ஏறியது. நல்ல செய்திதான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் 50 பேர், 8 வாரம், அதுவும் ஆரம்ப நிலைக்காரர்கள், மாத்திரை தேவைப்படாதவர்கள். உங்கள் நிலை அது இல்லை. இந்த வேர் தைராய்டை ஏற்றும் என்றால் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அளவுக்கு மீறியும் ஏற்றலாம் அல்லவா? அஸ்வகந்தா சாப்பிட்டுத் தைராய்டு அதிகமாகிப் படபடப்போடு வந்தவர் பற்றிய மருத்துவக் குறிப்பும் உண்டு, ஈரல் பாதித்தவர்கள் பற்றிய குறிப்புகளும் உண்டு. 2023இல் டென்மார்க் அதைத் தடையே செய்தது. தடை செய்யும் அளவுக்கு அது கெட்டது என்று நான் நினைக்கவில்லை, ஆனால் கடையில் டப்பா வாங்கித் தானாகச் சாப்பிடுகிற பொருளும் இல்லை.

அப்படியானால் ஆயுர்வேதத்தில் குணமானேன், மாத்திரையை விட்டுவிட்டேன் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. டிஎஸ்எச் 6, 7 என்று லேசாக ஏறியவர்களில் கணிசமானவர்களுக்கு ஒன்றுமே செய்யாமல் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே இறங்கிவிடும். காய்ச்சலோ வேறு நோயோ வந்து தேறும் நேரத்தில்கூடக் கொஞ்சம் ஏறும். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் சரியாகும். இவர்கள் அந்தச் சமயத்தில் கொத்தமல்லி விதைத் தண்ணீர் குடித்திருந்தால் பெயர் கொத்தமல்லிக்குப் போகும். இப்படி லேசாக ஏறியவர்களுக்கு, கர்ப்பமும் இதயநோயும் இல்லை என்றால், டாக்டரும் தெரிந்திருக்க, மூன்று மாதம் உணவும் மருந்தும் கொடுத்துத் திரும்ப ரத்தம் பார்க்கலாம், நான் பார்க்கிறேன். சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டி டிபிஓ என்கிற பரிசோதனையையும் செய்யச் சொல்வேன். இங்கிலாந்தில் விக்ஹாம் என்ற ஊரில் 20 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், டிஎஸ்எச்சும் ஏறி அந்த எதிர்ப்பொருளும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 4 பேர் போல முழு நோய்க்குப் போனார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் விடாமல் கண்காணிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 3.1 நல்ல எண்தான். பிறகு ஏன் முடி கொட்டுகிறது, ஏன் அசதி? முதலில் பார்க்க வேண்டியது தைராய்டு அல்லாத மற்றவை. சுரப்பி மந்தமாக இருந்த மாதங்களில் பல பெண்களுக்கு மாதவிடாய் அதிகமாகப் போகும், இரும்புச் சத்து வற்றிவிடும். டிஎஸ்எச் சரியான பிறகும் அந்த இரும்பு திரும்பாமல் கிடக்கும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டுவது), பி12, விட்டமின் டி நான்கையும் பாருங்கள். இந்த வகையில் வருகிறவர்களில் பாதிக்கு மேல் எனக்கு விடை அங்கேயே கிடைத்துவிடுகிறது. முடிக்காகப் பயோட்டின் சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், பல லேப் முறைகளில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். எடை பற்றி ஒரு உண்மை: சுரப்பி மந்தத்தால் ஏறுவது பொதுவாக 2 முதல் 5 கிலோ வரைதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். மீதி சாப்பாட்டிலிருந்தும் அசைவு குறைந்ததிலிருந்தும் வந்தது, மாத்திரை அதை இறக்காது.

அடுத்தது மாத்திரை சாப்பிடும் விதம். ஒரு டீச்சர் அம்மா இரண்டு வருடமாக டிஎஸ்எச் ஏறி இறங்கி, அளவை மாற்றி மாற்றி அலுத்துப்போய் என்னிடம் மூலிகை கேட்டு வந்தார். காலையில் என்ன செய்வீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். ஐந்து மணிக்கு டிகாஷன் இறங்கும், ஒரு கையில் டம்ளர், மறு கையில் மாத்திரை, காபியிலேயே விழுங்கிவிடுவாராம். டிஃபன் முடிந்ததும் கால்சியம் மாத்திரை. நான் மருந்தே தரவில்லை. வெறும் தண்ணீரில் மாத்திரை, காபிக்கு ஒரு மணி நேரம் இடைவெளி, கால்சியம் ராத்திரிக்கு, இதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் எண் நிலைத்துவிட்டது. இரும்பும் கால்சியமும் 4 மணி நேரம் தள்ளியே இருக்க வேண்டும்.

இதில் எங்கள் மருந்துகளும் குற்றவாளிகள், இதை எங்கள் ஆட்களே அதிகம் சொல்வதில்லை. கஷாயத்தைக் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்கிறோம், தைராக்சினும் அதே நேரம். லோக பஸ்மம், மண்டூரம் இரண்டும் இரும்பு. சங்கு பஸ்மம், பவழ பஸ்மம் இரண்டும் கால்சியம். மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மலச்சிக்கலுக்குக் குடிக்கும் இசப்கோலும் அப்படித்தான். அதனால் காலை நேரத்தைத் தைராக்சினுக்கு விட்டுவிட்டு, ஆயுர்வேத மருந்தை மாலைக்கு மாற்றுங்கள். புதிய மருந்து எதைச் சேர்த்தாலும் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் பார்த்தாக வேண்டும், அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை, என் வேலை இல்லை.

இனி எங்களால் செய்ய முடிந்தது. ஆயுர்வேதக் கண்ணில் உங்கள் குறிகள் அக்னி மந்தம் (செரிமானம் குறைந்தது), கபம் தேங்கியது, மேதஸ் தடித்தது. சுரப்பியைப் பற்றிய விளக்கமாக இதை எடுக்க வேண்டாம், உடம்பை எப்படி நடத்துவது என்பதற்கான வழியாக எடுங்கள், அப்போது பயன் தரும். மலச்சிக்கலுக்கு இரவில் வெந்நீரில் திரிபலா சூரணம், அளவு நேரில் பார்த்துத்தான். ஜீரணம் மந்தமாக இருந்தால் சாப்பாட்டுக்கு முன் சுக்கு வெந்நீர். உடம்பு கனத்துக்கு வரணாதி கஷாயம் நாங்கள் நம்பிக் கொடுப்பது, மருந்து என்பதைவிட அதோடு வரும் பத்தியம்தான் பாதி வேலை செய்கிறது என்பது என் எண்ணம். இரவில் தயிர் வேண்டாம், ஏழரைக்குள் சாப்பாடு, வாரத்தில் நாலு நாள் கொள்ளு ரசமோ பார்லிக் கஞ்சியோ. பகல் தூக்கத்தை நிறுத்துங்கள், உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும், கண் சொருகும் நேரத்தில் இருபது நிமிடம் வெயிலில் நடந்து பாருங்கள். கொள்ளு மாவால் கீழிருந்து மேலாகத் தேய்க்கும் உத்வர்த்தனம் உடம்பு வலியும் மதமதப்பும் உள்ளவர்களுக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் அது கொழுப்பைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள். சர்வாங்காசனம் தைராய்டைத் தூண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை, கழுத்துத் தேய்மானமோ ரத்த அழுத்தமோ இருந்தால் ஆபத்து.

உணவில் முட்டைக்கோஸ், காலிஃபிளவரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை. கம்பும் மரவள்ளிக் கிழங்கும் தினமும் முக்கிய உணவாகி, அயோடினும் போதாமல் இருந்தால்தான் சுரப்பியைத் தொந்தரவு செய்யும், எப்போதாவது ஒரு கிண்ணம் கம்பங்கூழ் தாராளமாகக் குடிக்கலாம். நான் கவலைப்படுவது இந்துப்பைப் பற்றி. நூலில் இந்துப்பு உப்புகளில் சிறந்தது என்று இருக்கிறது, உண்மை, அதனால் இப்போது பல வீடுகளில் அயோடின் உப்பை முழுக்க விட்டுவிட்டு இந்துப்புக்கும் கல் உப்புக்கும் மாறிவிட்டார்கள். பெரும்பாலான இந்துப்பில் அயோடின் சேர்ப்பதில்லை. இமாசலத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கிய ஆய்வில், டாக்டர் ராமலிங்கசாமியும் மற்றவர்களும் உப்பில் அயோடின் சேர்த்தே கழலையைக் குறைத்துக் காட்டினார்கள், 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. அத்தனை உழைப்பை ஒரு பாக்கெட் மாற்றத்தில் இழக்க வேண்டாம். அதற்காகக் கடல்பாசி மாத்திரை என்று அயோடினை அள்ளிச் சாப்பிடவும் கூடாது, ஹாஷிமோட்டோவில் அதிக அயோடின் நிலைமையை மோசமாக்கும்.

பெயரும் சேர்மானமும் இல்லாத பொடி, கருப்பு உருண்டை, யார் செய்தது என்று தெரியாத, பாதரசம் சேர்த்த ரச மருந்து எதையும் வாங்காதீர்கள். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. 2013இல் அமெரிக்காவில் விற்ற 10 தைராய்டு சத்து மாத்திரைகளைச் சோதித்தபோது 9இல் தைராய்டு ஹார்மோனே கலந்திருந்தது. சாப்பிட்டதும் டிஎஸ்எச் இறங்கினால் மூலிகைதான் இறக்கியது என்று உடனே முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இது ஒன்று போதும்.

உங்களுக்கு இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் இதைத் தனியாகக் கேளுங்கள். முதல் மூன்று மாதம் வயிற்றுப் பிள்ளையின் மூளை தாயின் தைராக்சினை நம்பித்தான் வளர்கிறது, கர்ப்பம் தெரிந்ததுமே மாத்திரை அளவு கூட வேண்டியிருக்கும். அன்றே டாக்டரைப் பாருங்கள், குக்குலுவும் அஸ்வகந்தாவும் அந்தக் காலத்தில் தொடவே வேண்டாம்.

இப்போதைக்கு மாத்திரையைத் தொடருங்கள், வெறும் தண்ணீரில், காபிக்கு ஒரு மணி நேரம் முன்னால். ஃபெரிட்டின், பி12, விட்டமின் டி, ஹீமோகுளோபின், ஆன்டி டிபிஓ இவற்றைப் பார்த்துவிட்டு எண்களைக் கீழே எழுதுங்கள். கூடவே காலை எழுந்ததிலிருந்து பத்து மணி வரை எதை எதை எந்த நேரத்தில் விழுங்குகிறீர்கள் என்பதையும், அடுப்படியில் இருக்கும் உப்புப் பாக்கெட்டில் அயோடின் என்று போட்டிருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள், அதை வைத்து மலச்சிக்கலுக்கும் அசதிக்கும் என்ன செய்யலாம் என்று பேசுவோம்.